நெல்லைச் சீமையில் இருந்து குழந்தை வளர்ச்சி படிக்கப் போகிறவர்களுக்கு

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில் எங்கள் பக்கம் பேச்செல்லாம் நர்சிங், இன்ஜினியரிங், பி.காம். என்றுதான் ஓடும். "எனக்குச் சின்னப் பிள்ளைகளோடு வேலை செய்யணும், அதுக்கு என்ன படிக்கலாம்?" என்று ஒரு பெண்ணோ பையனோ கேட்டால் பதில் சொல்ல ஆள் கிடைப்பது கஷ்டம். அப்படிக் கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி மூன்று மாவட்டப் பிள்ளைகளையும் மனதில் வைத்தே சொல்கிறேன்.

குழந்தை வளர்ச்சி என்பது கருவில் தொடங்கி பதினெட்டு வயது வரை ஒரு பிள்ளையின் உடம்பு, மொழி, அறிவு, உணர்ச்சி, பிறரோடு பழகும் விதம் எல்லாம் எப்படி மாறுகின்றன என்று பார்க்கும் படிப்பு. ஒரு பிள்ளை பத்தாம் மாதம் நடக்கிறது, அடுத்த வீட்டுப் பிள்ளை பதினாறாம் மாதம் நடக்கிறது. இரண்டும் சரிதானா, எப்போது கவலைப்பட வேண்டும், கவலைப்பட்டால் யாரிடம் அனுப்ப வேண்டும் என்பதெல்லாம் இதற்குள் வரும்.

ஒன்றை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். பிள்ளையை உட்கார்ந்து பார்க்கத் தெரிவதுதான் இந்தப் படிப்பின் உயிர். எந்தக் கல்லூரி, எந்தப் பட்டம் என்பதை ஒரே கேள்வியை வைத்து முடிவு செய்யலாம்: மூன்று வருஷத்தில் என்னை எவ்வளவு நேரம் பிள்ளைகளுக்கு நடுவே உட்காரவைப்பார்கள்?

விண்ணப்பத்துக்கு முன்னால் ஒரு பால்வாடி

உங்கள் தெருவிலோ பக்கத்துத் தெருவிலோ அங்கன்வாடி இருக்கும். நம் ஊரில் இன்னும் பால்வாடி என்றுதான் சொல்கிறோம். அங்கே போய் டீச்சரிடம், "அக்கா, நான் இந்தப் படிப்புக்குப் போகலாம்னு இருக்கேன். ஒரு வாரம் காலைல வந்து ஓரமா உக்காந்து பாத்துக்கிடட்டுமா?" என்று கேளுங்கள். மேற்பார்வையாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அனுமதிப்பார்கள். சும்மா உட்காராமல் ஆயாவுக்குக் கை கொடுங்கள்: பாய் விரிப்பது, தட்டு எடுத்து வைப்பது, கை கழுவிவிடுவது.

அந்த ஒரு வாரத்தில் பல விஷயம் தெரிந்துவிடும். பிள்ளைகள் அழும், மூக்கு ஒழுகும், கால்சட்டையை நனைக்கும், உங்கள் தாவணியைப் பிடித்து இழுக்கும். அது பொறுக்காவிட்டால் இந்தத் துறை வேண்டாம். பொறுத்தால் மட்டும் போதாது. புதிதாக வந்த பிள்ளை ஏன் வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருக்கிறது, அந்த இரண்டு பேர் ஏன் பேசாமலே பக்கத்தில் பக்கத்தில் விளையாடுகிறார்கள் என்று கேட்கத் தோன்ற வேண்டும். அப்படித் தோன்றினால் தயங்காமல் வாருங்கள்.

பால்வாடியைச் சோறு போடும் இடம் என்று மட்டும் நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டத்தின் கடைசிக் கண்ணி. கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் எல்லோருக்குமான திட்டம் அது. இணை உணவு, முன்பருவக் கல்வி, ஊட்டச்சத்து பற்றிய போதனை, தடுப்பூசி, உடல்நலப் பரிசோதனை, மேல் சிகிச்சைக்கு அனுப்புவது என்று ஆறு சேவைகள் அந்த ஒற்றை அறையில் நடக்கின்றன. நீங்கள் மூன்று வருஷம் படிக்கப் போவதில் பெரும்பகுதி அங்கே தினமும் நடக்கிறது. எடைப் பதிவேட்டைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். எந்தப் பிள்ளையின் கோடு ஏறுகிறது, எது படுத்துக்கிடக்கிறது என்று டீச்சரே சொல்லித் தருவார்.

எந்தப் பெயரில் தேடுவது

விண்ணப்பப் பட்டியலில் குழந்தை வளர்ச்சி என்று தேடினால் பெரும்பாலும் ஒன்றும் அகப்படாது. தமிழ்நாட்டில் இந்தப் பாடம் நெடுங்காலமாக மனையியல் பட்டத்துக்குள்தான் இருக்கிறது. பி.எஸ்சி. ஹோம் சயின்ஸ் என்று போட்டிருப்பார்கள். அதில் உணவும் ஊட்டச்சத்தும், ஜவுளி, குடும்ப வள மேலாண்மை, விரிவாக்கக் கல்வி ஆகியவற்றோடு மனித வளர்ச்சி ஒரு பெரிய கிளை. கோயம்புத்தூர் அவினாசிலிங்கம் பெண்களுக்கென 1957ல் மனையியல் கல்லூரியாகத் தொடங்கி, 1988ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனது. இந்தத் துறையில் தமிழ்நாட்டில் முதலில் வாயில் வரும் பெயர் அதுதான். திண்டுக்கல் பக்கம் காந்திகிராம கிராமியப் பல்கலைக்கழகத்திலும் மனையியல் உண்டு. வடக்கே போகத் துணிந்தால் டெல்லி லேடி இர்வின் கல்லூரியும் பரோடா மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகமும் இந்தத் துறைக்கே பேர்போனவை.

ஊரை விட்டுப் போக முடியாதவர்கள் அபிஷேகப்பட்டியில் இருக்கும் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் இணைவுக் கல்லூரிகளின் பட்டியலையும் பாடத்திட்டங்களையும் பாருங்கள். தன்னாட்சிக் கல்லூரி என்றால் அதன் பாடத்திட்டத்தைக் கல்லூரித் தளத்திலேயே பார்க்க வேண்டும். மனையியல் கிடைக்காவிட்டால் உளவியல், சமூகப்பணி, ஊட்டச்சத்து ஆகிய பட்டங்களிலும் குழந்தை பற்றிய தாள்கள் இருக்கும். உளவியலில் பிள்ளையின் மனதை நிறையப் படிப்பீர்கள், உடம்பையும் சாப்பாட்டையும் கொஞ்சம்தான். ஊட்டச்சத்தில் அதற்கு நேர்மாறு. சமூகப்பணியில் குடும்பம், சட்டம், அரசுத் திட்டம் ஆகியவை கூடுதலாகக் கிடைக்கும்.

பையன்களுக்கு ஒரு வார்த்தை. மனையியல் கற்றுத்தரும் கல்லூரிகள் பெரும்பாலும் பெண்கள் கல்லூரிகள். அதனால் வழி அடைந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். உளவியல், சமூகப்பணி, பட்டத்துக்குப் பிறகு சிறப்புக் கல்வியில் பி.எட். என்று வரலாம். இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் பிளஸ் டூ முடித்தவர்களுக்கு முன்பருவக் கல்வி, பராமரிப்பில் ஓராண்டு டிப்ளமா நடத்துகிறது. வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாம். பிள்ளைகளோடு வேலை செய்யும் ஆண்கள் இன்னும் நிறைய வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அப்பா சென்னையிலோ மும்பையிலோ வளைகுடாவிலோ இருக்கும் வீடுகள் நம் பக்கம் அதிகம். அந்தப் பிள்ளைகளுக்குப் பொறுமையாகக் கீழே உட்கார்ந்து பேசும் ஒரு ஆண் கிடைப்பது பெரிய விஷயம்.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள். துறைக்கென்று ஆய்வக மழலையர் பள்ளி, அதாவது மாணவிகள் பிள்ளைகளைப் பார்த்துப் படிக்கக் கல்லூரியே நடத்தும் பள்ளி, இருக்கிறதா, மாற்றுத்திறன் குழந்தைகள் பற்றித் தனித் தாள் உண்டா என்று கேளுங்கள். அப்புறம் போன வருஷம் படித்த ஒரு அக்காவின் ரெக்கார்டு நோட்டை, அதாவது பிள்ளைகளைப் பார்த்துக் குறிப்பு எழுதிய நோட்டை, காட்டச் சொல்லுங்கள். நான் மிகவும் நம்பும் சோதனை இதுதான். இரண்டு மூன்று பேரின் நோட்டை அடுத்தடுத்து வைத்துப் புரட்டினால் போதும். எல்லாவற்றிலும் ஒரே வாக்கியங்கள் இருந்தால் அங்கே யாரும் பிள்ளையைப் பார்க்கவில்லை, கரும்பலகையைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். ஒவ்வொரு நோட்டிலும் வேறு வேறு பிள்ளை, வேறு வேறு தேதி, நடுவே அடித்தல் திருத்தல் இருந்தால் அங்கே கண்ணை மூடிக்கொண்டு சேரலாம்.

"இதைப் படிச்சா என்ன வேலை?"

வீட்டில் முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்கும். மறைக்காமல் சொல்கிறேன். இளநிலைப் பட்டம் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு நல்ல சம்பளத்தில் உட்கார இந்தத் துறையில் வழி குறைவு. தனியார் பிளே ஸ்கூல்கள் எடுத்துக்கொள்ளும், ஆனால் அங்கே சம்பளம் கொஞ்சம்தான். பட்டத்துக்குப் பிறகு இன்னொரு படி ஏற வேண்டும் என்று முதல் வருஷத்திலேயே வீட்டில் சொல்லி வைப்பது நல்லது.

அந்த இன்னொரு படி பல திசையில் போகும். அரசுப் பக்கம், குழந்தைகள் வளர்ச்சித் திட்ட அலுவலர் பணிக்கு டி.என்.பி.எஸ்.சி. அறிவிப்பு வரும். அறிவிப்பில் எந்தப் பட்டங்களை ஏற்பார்கள் என்று பெயர் பெயராகப் போட்டிருப்பார்கள். உங்கள் பட்டத்தின் பெயர் அதில் சற்று மாறியிருந்தாலும், இரண்டும் சமம் என்று சொல்லும் இணைத்தன்மை அரசாணை கேட்பார்கள். அதனால் சேரும்போதே, பட்டச் சான்றிதழில் எந்தப் பெயர் அச்சாகும் என்று கல்லூரி அலுவலகத்தில் கேட்டு, பழைய அறிவிப்பு ஒன்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள். புதுப் புதுப் பெயர் வைத்த பட்டங்களில் சேரும் பிள்ளைகள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, குழந்தைகள் இல்லங்கள், குழந்தைகளுக்கான 1098 உதவி எண் இவற்றிலும் வேலை உண்டு. பெரும்பாலும் ஒப்பந்த அடிப்படையில், சமூகப்பணி படித்தவர்களுக்கு முன்னுரிமையோடு. மாற்றுத்திறன் பிள்ளைகளுக்குக் கற்றுத்தர விரும்பினால் இந்திய மறுவாழ்வு மன்றம் அங்கீகரித்த சிறப்புக் கல்விப் படிப்பை முடித்து அந்த மன்றத்தில் பதிவு செய்ய வேண்டும். பேச்சுப் பயிற்சி, தொழில்வழிப் பயிற்சி (ஆக்குபேஷனல் தெரபி), இயன்முறை மருத்துவம் மூன்றும் தனித்தனிப் பட்டங்கள். குழந்தை வளர்ச்சி படித்துவிட்டு யாரும் தெரபிஸ்ட் என்று போர்டு மாட்டக் கூடாது. மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். பேச்சு வராத பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரும் ஏழைத் தாயின் பணமும், அதைவிட முக்கியமாக அந்தப் பிள்ளையின் மூன்றாவது நான்காவது வயதும் வீணாகின்றன. அந்தக் கூட்டத்தில் நீங்கள் சேரக் கூடாது.

விண்ணப்பம், சான்றிதழ், பணம்

இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அரசுக் கலைக் கல்லூரிகளுக்கு ஒரே இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். உதவிபெறும் கல்லூரிகளுக்கும் தனியார் கல்லூரிகளுக்கும் தனித்தனியாகப் போட வேண்டும். சாதி, வருமானம், முதல் பட்டதாரி ஆகிய சான்றிதழ்களை ரிசல்ட் வரும்வரை காத்திருக்காமல் ஏப்ரலிலேயே இ-சேவை மையத்தில் பதிந்துவிடுங்கள். மே மாதக் கூட்டத்தில் மாட்ட வேண்டாம். ஆறு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் பிள்ளைகளுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வரும். பையன்களுக்கு அதே தொகை தமிழ்ப்புதல்வன் திட்டத்தில், 2024 முதல். கல்லூரி வழியாகத்தான் பதிய வேண்டும், சேர்ந்த வாரத்திலேயே கேட்டுவிடுங்கள்.

முதல் வருஷம்: பெயர்களைக் கண்டு மிரளாதீர்கள்

பியாஜே, வைகாட்ஸ்கி, எரிக்சன், பவுல்பி என்று பிள்ளை வளர்வதைப் பற்றிக் கொள்கை சொன்ன அறிஞர்கள் வரிசையாக வருவார்கள். தமிழ் வழியில் படித்து வந்த பிள்ளைகள் இந்த இடத்தில்தான் தளர்ந்து போகிறார்கள், புத்தகமும் ஆங்கிலத்தில் இருப்பதால். ஒவ்வொரு கொள்கையையும் படித்த அன்று மாலையே உங்கள் வீட்டுப் பிள்ளை ஒன்றிடம் வைத்துப் பாருங்கள். பியாஜே சொன்ன சோதனைக்கு ஆய்வகம் வேண்டியதில்லை. ஒரே மாதிரி இரண்டு டம்ளரில் சம அளவு தண்ணீர் ஊற்றி, நான்கு வயதுப் பிள்ளையிடம் இரண்டும் சமம்தானே என்று கேளுங்கள். அப்புறம் அதன் கண் முன்னாலேயே ஒன்றை ஒடுக்கமான உயர்ந்த டம்ளருக்கு மாற்றிவிட்டு, இப்போது எதில் அதிகம் என்று கேளுங்கள். பெரும்பாலும் உயரமானதைத்தான் காட்டும். ஏழு எட்டு வயதுப் பிள்ளை உங்களையே ஒரு மாதிரி பார்க்கும். இதைச் செய்து பார்த்தவர்களுக்கு அந்தப் பாடம் மறக்காது.

பிரான்பென்பிரென்னர் என்ற உளவியலாளர் 1979ல் எழுதிவைத்த கொள்கையை நம் ஊரில் படிப்பது போல் வேறெங்கும் படிக்க முடியாது என்று எனக்குத் தோன்றும். பிள்ளையைச் சுற்றி வளையம் வளையமாக உலகம் இருக்கிறது, பிள்ளை ஒருநாளும் கால் வைக்காத இடத்தில் எடுக்கும் முடிவுகூட அதன் வளர்ச்சியைத் தொடும் என்பது அவர் சொன்னது. முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம் பக்கம் போய்ப் பாருங்கள். அம்மா சுளவை (முறத்தை) மடியில் வைத்துப் பீடி சுற்றுகிறாள். கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று. இலை எப்போது தருவார்கள், சுற்றிய பீடியை எத்தனை மணிக்குள் கடையில் கொடுக்க வேண்டும், எத்தனையைக் கழித்துத் தள்ளுவார்கள் என்பது எங்கேயோ முடிவாகிறது. அந்த முடிவைப் பொறுத்துத்தான் அவள் எப்போது எழுந்து பிள்ளைக்குச் சோறு ஊட்டுவாள், பிள்ளை ஏதாவது கேட்டால் நிமிர்ந்து பதில் சொல்வாளா என்பதெல்லாம் அமைகிறது. புகையிலைத் தூள் பறக்கும் அறையிலேயே பிள்ளை தூங்குகிறது. "இந்தத் தாய் பிள்ளையைக் கவனிப்பதில்லை" என்று எழுதிவைக்கும் மாணவிக்கு அந்தப் பாடம் புரியவில்லை என்றுதான் அர்த்தம்.

இன்னொன்றையும் சேர்த்துப் படியுங்கள். பிள்ளைத்தமிழ் நம் மொழியின் பழைய வடிவம். அதில் செங்கீரைப் பருவத்தை ஐந்தாம் மாதத்துக்கும், கைகொட்டும் சப்பாணிப் பருவத்தை ஒன்பதாம் மாதத்துக்கும் வைத்திருக்கிறார்கள். ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, இரு கையும் ஊன்றி முகத்தை நிமிர்த்தி ஆடும் நிலையைத்தான் செங்கீரை என்றார்கள். தவழ்வதற்கு முன்னால் பிள்ளை செய்யும் அந்த அசைவை யாரோ உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள். இப்போதைய அளவுகளோடு அவை எங்கே ஒட்டுகின்றன, எங்கே விலகுகின்றன என்று பார்ப்பது நல்ல பயிற்சி. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி கையும் முட்டியும் ஊன்றித் தவழ்வது 5.2 மாதத்திலிருந்து 13.5 மாதத்துக்குள், யாரும் பிடிக்காமல் நடப்பது 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதத்துக்குள். இந்த அகலத்தை நெஞ்சில் பதித்துக்கொள்ளுங்கள். தவழாமலே எழுந்து நடந்துவிடும் நல்ல ஆரோக்கியமான பிள்ளைகளும் உண்டு. "பக்கத்து வீட்டுப் பிள்ளை நடந்துட்டான், இவன் நடக்கலையே" என்று ஆச்சிகள் பதறும்போது சொல்ல உங்களுக்கு ஒரு பதில் வேண்டும்.

பார்ப்பதும் எழுதுவதும்

இனிச் சொல்வதுதான் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் வயது. நம் வீடுகளில் வயதைக் கேட்டால் "மூணு நடக்குது" என்பார்கள். அதற்கு இரண்டு முடிந்துவிட்டது என்று பொருள். ரெக்கார்டில் மூன்று என்று எழுதினீர்கள் என்றால், பேச்சில் பின்தங்கிய பிள்ளை என்ற தப்பான முடிவுக்குப் போய் நிற்பீர்கள். தாய் சேய் நல அட்டையை வாங்கிப் பிறந்த தேதியைப் பார்த்து, முடிந்த மாதங்களில் கணக்கிடுங்கள். குறைமாதப் பிள்ளை என்றால் இன்னொரு கணக்கும் உண்டு. நாற்பது வாரத்தில் பிறக்க வேண்டியது முப்பத்திரண்டில் பிறந்திருந்தால் எட்டு வாரத்தைக் கழித்துத்தான் வளர்ச்சியை மதிப்பிட வேண்டும். இரண்டு வயது வரை இப்படிக் கழிப்பது வழக்கம்.

அப்புறம் அளவு. இரண்டு வயதுக்குக் கீழே படுக்கவைத்து நீளம், அதற்கு மேல் நிற்கவைத்து உயரம். ஒரே பிள்ளைக்கு இரண்டுக்கும் 0.7 சென்டிமீட்டர் வித்தியாசம் வரும், ஆகவே எப்படி அளந்தீர்கள் என்று எழுதியே ஆக வேண்டும். புயச் சுற்றளவு நாடா இடது கை மேல்புறத்தின் சரி நடுவில். 6 முதல் 59 மாதம் வரையுள்ள பிள்ளைக்கு அது 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே போனால் கடுமையான ஊட்டக்குறைவு, 11.5க்கும் 12.5க்கும் இடையில் நடுத்தரம். நாடாவை இறுக்கினாலோ தளர்த்தினாலோ ஒரு பிள்ளை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போய்விடும். இரண்டு பேர் தனித்தனியே அளந்து ஒப்பிடுங்கள்.

இப்போது குறிப்பு எழுதுவது. புதிதாக வருகிறவர்கள் முதல் நாள் எழுதுவது இப்படி இருக்கும்: "ம. ரொம்ப முரட்டுப் பையன். யாருடனும் சேர மாட்டான்." இதில் அவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை, எழுதியவரின் எரிச்சல் மட்டும் இருக்கிறது. கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் மட்டும் எழுதினால் இப்படி வரும்:

"10.20. ம. சிவப்பு வாளியில் மணல் அள்ளுகிறான். செ. வந்து வாளியின் கைப்பிடியைப் பிடிக்கிறாள். ம. ஒன்றும் சொல்லாமல் இழுக்கிறான். செ. 'எனக்கு' என்கிறாள். ம. அவள் கையைத் தட்டிவிடுகிறான். செ. அழுகிறாள். ம. ஆயாவைப் பார்க்கிறான். வாளியைக் கீழே வைத்துவிட்டு சுவர் பக்கம் போய் நிற்கிறான். 10.23. திரும்பி வந்து வாளியை செ. பக்கம் காலால் தள்ளுகிறான்."

மூன்று நிமிஷம்தான். ஆனால் இந்த இரண்டாவது குறிப்பில் பேச்சுக்குப் பதில் கையைப் பயன்படுத்தும் பிள்ளை தெரிகிறான். தப்பு செய்தபின் பெரியவர் முகத்தைப் பார்க்கத் தெரிந்த பிள்ளை தெரிகிறான். சமாதானம் செய்ய முயல்கிறவனும் தெரிகிறான். அவனுக்குக் காது நன்றாகக் கேட்கிறதா, வீட்டில் என்ன மொழி பேசுகிறார்கள், எத்தனை சொல் பேசுகிறான் என்று அடுத்த கேள்விகள் தானாக வரும். முரட்டுப் பையன் என்று எழுதிய நோட்டில் அடுத்த கேள்விக்கே இடமில்லை.

பக்கத்தின் வலது ஓரத்தில் ஒரு கோடு போட்டு இடம் விட்டு, உங்கள் யூகங்களை அங்கே தனியாக எழுதுங்கள். கண்டதும் நினைத்ததும் ஒன்றோடு ஒன்று கலக்கக் கூடாது. ஒரே பிள்ளையைக் காலையில் ஒரு தடவை, சாப்பாட்டு நேரத்தில் ஒரு தடவை, அம்மா கூட்டிப்போக வரும்போது ஒரு தடவை பாருங்கள். காலையில் வாயே திறக்காத பிள்ளை அம்மாவைக் கண்டதும் கொட்டித் தீர்க்கும். இன்னொரு முறையும் உண்டு: ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை நிமிர்ந்து, அந்த நொடியில் பிள்ளை தனியாக விளையாடுகிறதா, பக்கத்தில் விளையாடுகிறதா, சேர்ந்து விளையாடுகிறதா என்று மட்டும் குறித்துக்கொண்டே போவது. ஒரு மணி நேரத்தில் பன்னிரண்டு குறிப்பு. இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் மாற்றம் எண்ணிக்கையாகவே தெரியும். பிள்ளைகள் உங்களைப் பார்க்க வந்தால் விரட்டாதீர்கள். "அக்கா எழுதிக்கிட்டு இருக்கேன்" என்று சொல்லிவிட்டுத் தொடருங்கள். இரண்டு நாளில் உங்களை மறந்துவிடுவார்கள்.

களப்பணிக்கு எங்கே போவது

நம் சீமைக்கு இந்த விஷயத்தில் குறையே இல்லை. தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் இருக்கிறது. எஸ். ராமகிருஷ்ணன் 1981ல் தொடங்கியது. பின்னால் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. வளர்ச்சியில் தாமதமுள்ள பிள்ளைகளைச் சின்ன வயதிலேயே கண்டுபிடித்து, கிராமம் கிராமமாகப் போய்ப் பயிற்சி தரும் வேலையை அவர்கள் செய்கிறார்கள். கல்லூரி மூலம் கடிதம் வாங்கிக்கொண்டு போங்கள். பாளையங்கோட்டையில் காது கேளாத பிள்ளைகளுக்கும் பார்வையற்ற பிள்ளைகளுக்கும் நூறு வருஷத்துக்கும் மேலாகப் பள்ளிகள் நடக்கின்றன. சைகையில் சண்டை போடும், கிண்டல் செய்யும், கதை சொல்லும் பிள்ளைகளைப் பார்த்த பிறகு, மொழி என்றால் வாயால் பேசுவது என்று எழுத உங்களுக்குக் கை வராது.

2013ல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்கீழ் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் வந்து பிறவிக் குறை, சத்துக் குறைவு, நோய், வளர்ச்சித் தாமதம் நான்கையும் பார்ப்பார்கள். உங்கள் பால்வாடிக்கு அந்த வண்டி வரும் நாளைக் கேட்டு வைத்துக்கொண்டு அன்றைக்குப் போனால், ஒரு பாடப்பருவத்தில் கற்பதை ஒரே நாளில் காணலாம்.

உவரி, கூடுதாழை, இடிந்தகரை போன்ற கடலோர ஊர்களில் இருந்து வருகிற மாணவிகள் சொந்த ஊரிலேயே பதிவு செய்யலாம். அப்பா இருட்டோடு கடலுக்குப் போகும் வீட்டில் பிள்ளை எழும் நேரம், தூங்கும் நேரம், யாரிடம் ஒட்டிக்கொள்கிறது என்பதெல்லாம் வயல் பக்கத்து வீடுகளில் இருந்து வேறாக இருக்கும்.

குமரப் பருவத்தையும் விட்டுவிடாதீர்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பள்ளி மாணவனை அவனோடு படித்தவர்களே சாதிவெறியில் வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகுதான் அரசு, ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைத்தது. கையில் சாதியைக் காட்டும் கலர் கயிறு கட்டிக்கொண்டு பள்ளிக்குப் போகும் பதினாறு வயதுப் பையன் யாராக இருக்க ஆசைப்படுகிறான், அந்த ஆசையை யார் பயன்படுத்திக்கொள்கிறார்கள் என்ற கேள்வி எரிக்சனின் அடையாளக் குழப்பம் என்ற பாடத்தின் நடுவிலேயே இருக்கிறது. நெல்லையில் இருந்து இந்தப் படிப்புக்கு வருகிறவர்கள் அதைப் படிக்காமல் போனால் வேறு யார் படிப்பார்கள்?

செய்யக் கூடாதவை

பிள்ளையின் முழுப் பெயரை ரெக்கார்டில் எழுதாதீர்கள், முதல் எழுத்துப் போதும். போட்டோ எடுக்காதீர்கள், எடுத்தாலும் வாட்ஸப் ஸ்டேட்டஸில் போடாதீர்கள். பெற்றோரிடம் கேட்காமல் எதையும் தொடங்காதீர்கள். "உங்க பிள்ளைக்கு ஆட்டிசம் மாதிரி இருக்கு" என்று எந்தத் தாயிடமும் வாய் விட்டுவிடாதீர்கள். மாணவிக்கு நோயைச் சொல்லும் தகுதி கிடையாது. என்ன பார்த்தீர்களோ அதை டீச்சரிடமும் உங்கள் பேராசிரியரிடமும் சொல்லி, சோதனைக்கு அனுப்ப ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள்.

பிள்ளை உங்களிடம் ஒட்டிக்கொண்டு, யாரோ தன்னிடம் தப்பாக நடந்துகொண்டதைச் சொல்லலாம். நடக்கும். துருவித் துருவிக் கேட்காதீர்கள், "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று சத்தியம் செய்யாதீர்கள். சொன்னதை அதே வார்த்தைகளில் எழுதிக்கொண்டு அன்றைக்கே பேராசிரியரிடம் சொல்லுங்கள். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களில் இருந்து காக்கும் 2012ஆம் வருஷத்துப் போக்சோ சட்டப்படி, தெரிந்த எவரும் போலீசிலோ சிறப்புச் சிறார் காவல் பிரிவிலோ தெரிவித்தே ஆக வேண்டும், மறைப்பது குற்றம். 1098க்கு எந்த நேரத்திலும் கூப்பிடலாம். குடும்ப மானம், ஊர்ப் பேச்சு என்று பெரியவர்கள் தடுத்தாலும் நீங்கள் அந்தப் பிள்ளையின் பக்கம் நில்லுங்கள்.

மூன்றாம் வருஷ ஆய்வு

தலைப்பை ஐந்தாம் பருவம் தொடங்கும்வரை தள்ளிப்போடாதீர்கள். நான்காம் பருவத்து விடுமுறையிலேயே யோசியுங்கள். எங்கேயோ செய்த வினாப்பட்டியலை எடுத்து ஐம்பது தாய்மார்களிடம் நிரப்பி வாங்குவது சுலபம், அதில் யாருக்கும் பயனில்லை. சின்னதாக, சொந்தக் கண்ணால் பார்க்கக்கூடியதாக ஒன்றை எடுங்கள். தட்டாங்கல்லும் பல்லாங்குழியும் விளையாடும் ஏழு வயதுப் பிள்ளை எண்ணும் விதமும், விளையாடாத பிள்ளை எண்ணும் விதமும். பீடி சுற்றும் வீடுகளில் அம்மா பிள்ளையிடம் ஒரு மணி நேரத்தில் எத்தனை தடவை பேசுகிறாள். ஆச்சியிடம் வளரும் பிள்ளை வீடியோ காலில் அப்பாவோடு எவ்வளவு நேரம் பேச்சை நீட்டுகிறது. பத்துப் பிள்ளைகள் போதும், ஆனால் ஒவ்வொருவரையும் பல தடவை பாருங்கள்.

எழுதி முடித்ததும் ஒரு பிரதியைத் தமிழில் சுருக்கி, நீங்கள் போய் உட்கார்ந்த பால்வாடி டீச்சரிடம் கொடுங்கள். ரெக்கார்டு நோட்டுகளைப் பழைய பேப்பர்க்காரரிடம் போட்டுவிடாதீர்கள். எம்.எஸ்சி. நேர்காணலிலும் தொண்டு நிறுவன வேலைகளிலும் மதிப்பெண் பட்டியலுக்கு அடுத்ததாக அதைத்தான் புரட்டிப் பார்க்கிறார்கள்.